தீவும் நகரமும் – 7: கொச்சியின் வாசலில் காத்திருந்த வைப்பின்

சென்ற பகுதியில் பம்பாயைப் பார்த்தோம். ஏழு தீவுகளுக்கு இடையே ஏறி இறங்கிய கடலை அணை கட்டித் தடுத்து, மண் கொட்டி மேடாக்கி, ஒரே நிலமாக மாற்றிய கதை அது. இன்று மாகிமிலும் வோர்லியிலும் குடியிருப்பவர்கள் தாங்கள் தீவில் வாழ்வதாக நினைப்பதே இல்லை. கொச்சியில் அப்படி நடக்கவில்லை. இங்கே தீவுகள் தீவுகளாகவே நின்றன. நகரம் மட்டும் எதிர்க்கரையில் வளர்ந்துகொண்டே போனது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உயர்நீதிமன்றம், மருத்துவமனை, கல்லூரி, சந்தை எல்லாம் இருந்தும், அவற்றை அடைய ஒரு படகுக்காகக் காத்திருந்த மக்களின் வரலாறு இது.

முதலில் இடத்தை மனத்தில் வரைந்துகொள்வோம். எர்ணாகுளம் மரைன் டிரைவில் நின்று மேற்கே பார்த்தால் நேர் எதிரே தெரிவது போல்காட்டி. அது முளவுகாடு என்ற நீண்ட தீவின் தென்முனை. அதற்கு மேற்கே வல்லார்பாடம். அதற்கும் அப்பால், காயலுக்கும் அரபிக்கடலுக்கும் நடுவே, வடக்கு தெற்காக 25 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது வைப்பின். அகலம் சில கிலோமீட்டர்தான். தென்கோடியில் ஃபோர்ட் வைப்பின், வடகோடியில் மீன்பிடித் துறையான முனம்பம். வைப்பினின் தென்முனைக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே இருக்கும் குறுகிய நீர்வழிதான் கொச்சித் துறைமுகத்தின் வாசல். முளவுகாட்டுக்கு வடக்கே கடமக்குடித் தீவுக்கூட்டம். தெற்கே, துறைமுகத்தின் நடுவில், மனிதர்கள் உருவாக்கிய வெலிங்டன் தீவு. இந்தத் தீவுகள் அனைத்தும் நகரின் புறநகர்கள். ஆனால் புறநகருக்கு உரிய சாலை அவற்றுக்குக் கிடைத்த வரிசையைப் பார்த்தால், நம் நாட்டில் ஒரு பாலம் யாருக்காகக் கட்டப்படுகிறது என்பது விளங்கிவிடும்.

வெள்ளம் திறந்த வாசல்

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் இந்தக் கரையின் உருவத்தையே மாற்றியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சங்ககாலம் தொட்டுப் புகழ்பெற்ற முசிறித் துறை மண்மேடிட்டுப் போனது. தெற்கே கொச்சியின் கழிமுகம் அகன்று ஆழமானது. ஆறு கொண்டுவந்து ஒதுக்கிய மண்ணில் வைப்பின் நிலமாகத் திரண்டது. இந்த நிகழ்வை முதலாண்டாகக் கொண்டு 'புதுவைப்பு' என்ற ஆண்டுக்கணக்கே இப்பகுதியில் வழங்கியது. தங்கள் நிலம் பிறந்த ஆண்டிலிருந்து காலத்தை எண்ணிய மக்கள் இவர்கள்.

வாசலை ஒட்டிக் கிடந்த தீவு என்பதால் வந்தவர்கள் எல்லாரும் இங்கே கால் வைத்தார்கள். வடக்கே பள்ளிப்புறத்தில் போர்த்துகீசியர் 1503-இல் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. ஐரோப்பியர் இந்தியாவில் எழுப்பியவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. 1663-இல் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1744-இல் போல்காட்டியில் அவர்கள் கட்டிய மாளிகை பின்னாளில் ஆங்கிலேய ரெசிடெண்டின் இல்லமானது. 1789-இல் பள்ளிப்புறம் கோட்டையைத் திருவிதாங்கூர் டச்சுக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கியது. திப்பு சுல்தானுடன் மூண்ட போருக்கு அந்த விற்பனையும் ஒரு காரணம்.

இதன் விளைவு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. ஒரே காயலைச் சுற்றி மூன்று அரசுகள். எர்ணாகுளமும் வைப்பினின் பெரும்பகுதியும் கொச்சி மன்னருக்கு. வடகோடிப் பள்ளிப்புறம் திருவிதாங்கூருக்கு. ஃபோர்ட் கொச்சியோ ஆங்கிலேயருக்கு. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்த துண்டு நிலம் அது. வைப்பினிலிருந்து ஓடம் ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கியவர் சென்னை அரசின் எல்லைக்குள் இறங்கினார். மூன்று அரசுகளுக்கும் இந்தக் காயல் துறைமுகமாகவும் சுங்க வருவாயாகவும் தெரிந்தது. அதைத் தினமும் கடக்கும் மக்களின் பாதையாக அதை எவரும் பார்க்கவில்லை.

மக்களுக்கோ அந்தப் பாதை உயிரோடு விளையாடும் பாதை. வல்லார்பாடத்து மாதா கோயிலின் புகழ்பெற்ற ஐதீகமே ஒரு படகு கவிழ்ந்த கதைதான். 1752-இல் மீனாட்சியம்மா என்ற பெண் கைக்குழந்தையோடு மட்டாஞ்சேரிக்குப் படகில் போகும்போது புயலில் படகு கவிழ்ந்தது. மாதாவை வேண்டிக்கொண்ட தாயும் சேயும் மூன்றாம் நாள் மீனவர் வலையில் உயிரோடு மீண்டார்கள் என்பது நம்பிக்கை. இந்துப் பெண்ணொருத்தியின் கதை கிறிஸ்தவக் கோயிலின் பெருமையாக நிலைத்தது. சாதி மதம் பாராமல் எல்லாரும் ஒரே ஓடத்தில் ஏறி, ஒரே காற்றுக்கு அஞ்சிய ஊரில் அப்படித்தான் நடக்கும். 1917-இல் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் எல்லாச் சாதியினரும் சேர்ந்துண்ட 'மிஸ்ர போஜனத்தை' நடத்திய செராய் கிராமமும் இதே வைப்பினில்தான் இருக்கிறது.

சேற்றிலிருந்து ஒரு தீவு

எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தது 1902-இல். ஷொரனூரிலிருந்து அந்தப் பாதையைப் போட, கொச்சி மன்னர் ராமவர்மா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் சேர்த்தார் என்பது கொச்சியில் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அன்றைய ரயில் நிலையம் இன்றைய உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால், காயலிலிருந்து எட்டி நடக்கும் தொலைவில் இருந்தது. தண்டவாளம் கரைக்கு வந்து நின்றது. அதற்கு மேற்கே இருந்தவர்களுக்கு ஓடம்தான்.

அடுத்த பெரிய மாற்றம் துறைமுகம். கொச்சியின் கழிமுகத்துக்கு வெளியே குறுக்கே ஒரு மணல்திட்டு படுத்திருந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் கடலிலேயே நங்கூரமிட, சரக்கைத் தோணிகளில் ஏற்றி இறக்கினார்கள். பருவமழைக் காலத்தில் அதுவும் நின்றுபோகும். இதைத் தீர்க்கச் சென்னை ஆளுநர் வெலிங்டன் பிரபுவின் காலத்தில் 1920-இல் அனுப்பப்பட்டவர் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ. அந்த மணல்திட்டைத் தோண்டினால் கடல் உள்ளே பாய்ந்து வைப்பின் கரை அரிபடுமோ என்ற அச்சம் அப்போதே இருந்தது. பிரிஸ்டோ முதலில் வைப்பின் கரையில் கருங்கல் தடுப்புகளைப் போட்டு, அலையே மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும்படி செய்து பார்த்தார். அது பலித்த பிறகே வாய்க்கால் வெட்டும் பெரும்பணி நடந்தது. 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது.

தோண்டிய சேற்றையும் மணலையும் வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டிப் புதிய நிலம் எடுத்தார்கள். அதுதான் வெலிங்டன் தீவு. 1930களின் இறுதியில் எர்ணாகுளத்திலிருந்து வெண்டுருத்திக்கு ரயில் பாலம் வந்துவிட்டது. 1940களின் தொடக்கத்தில் மறுபுறம் மட்டாஞ்சேரிப் பக்கத்துக்கு நடுப்பகுதி தூக்கி இறக்கும் பாலம் வந்தது. ரயில் நிலையம், விமானத்தளம், கடற்படைத் தளம், தேயிலைக் கிடங்குகள் எல்லாம் அந்தச் சேற்றுநிலத்தில் எழுந்தன. நேற்றுப் பிறந்த தீவுக்கு இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு பக்கமும் பாலம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த வைப்பின், அதே துறைமுகத்தின் வாசலில் கருங்கல் தடுப்போடு நின்றது. பொறியியலால் முடியாது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. சரக்குக்கு முடிந்தது கண்முன்னே நின்றது.

காத்திருந்த காலம்

1956-இல் கேரளம் பிறந்தது. மூன்று அரசுகளின் எல்லைகளும் மறைந்தன. ஆயினும் வைப்பினுக்குப் பாலம் வரவில்லை. தரைவழியாகத்தான் போக வேண்டுமென்றால் தீவின் வடபகுதிக்குப் போய், பறவூர் வழியாகக் கரைநிலத்தில் ஏறி, நெடுந்தூரம் சுற்றி வர வேண்டும். ஆகவே தென்பகுதி மக்களுக்குப் படகுதான் கதி. பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடைப் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள், கடைச் சிப்பந்திகள் எல்லாரும் விடியலில் படகுத்துறையில் வரிசை பிடித்து, மாலையில் கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை 1968-இல் தனித் துறையானது. அதன் படகுகளோடு தனியார் படகுகளும், வண்டிகளைச் சுமக்கும் 'ஜங்கார்' மிதவைகளும் ஓடின. மழையும் காற்றும் மிகுந்த நாளில் எல்லாம் நிற்கும்.

நான்கு பக்கமும் நீர் சூழ்ந்திருந்தும் குடிக்க நீரில்லை. காயல் நீர் உப்பு. கிணற்று நீரும் உப்பு. கோடையில் குடங்களோடு சாலையில் அமர்ந்து பெண்கள் நடத்திய குடிநீர்ப் போராட்டங்கள் வைப்பினில் ஓயாமல் நடந்தவை. சாலை, குழாய், மருத்துவம் ஆகிய எல்லாமே கரைநிலத்தோடு முடிந்துபோயின.

1982 ஓணத்தின்போது நடந்தது இதன் கொடுமையான முகம். உரிமம் பெற்ற சாராயக் கடைகளில் விற்ற சரக்கில் மெத்தில் ஆல்கஹால் கலந்திருந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலருக்குக் கண்பார்வை போயிற்று. கேரளத்தை உலுக்கிய அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு சாராய வியாபாரிகளுடையது. ஆனால் பெரிய மருத்துவமனைகள் எல்லாம் நீருக்கு அக்கரையில் இருந்தன என்பதையும் சேர்த்தே வரலாறு எழுத வேண்டும். விஷம் குடித்தவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பாலம் என்பது வசதி அல்ல, உயிர் என்று தீவுக்காரர்கள் பேசியதற்குப் பொருள் இதுதான்.

காயலை விற்றுக் கட்டிய பாலம்

நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1994-இல் கோஸ்ரீ தீவுகள் வளர்ச்சி ஆணையம் அமைந்தது. எளங்குன்னப்புழை, ஞாறய்க்கல், நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி, பள்ளிப்புறம், முளவுகாடு, கடமக்குடி ஆகிய ஊராட்சிகள் அதன் எல்லைக்குள் வந்தன. பணத்துக்கு வழி? மரைன் டிரைவை ஒட்டிய காயலில் சுமார் 25 ஹெக்டேரை மண்ணிட்டு நிரப்பி, அந்த நிலத்தை விற்று, வந்த தொகையில் பாலங்கள் கட்டுவது என்று முடிவாயிற்று. அப்படியே நடந்தது. எர்ணாகுளம் – போல்காட்டி, போல்காட்டி – வல்லார்பாடம், வல்லார்பாடம் – வைப்பின் என மூன்று பாலங்கள். 2004 ஜூன் 5 அன்று போக்குவரத்துக்குத் திறந்தார்கள். கரைவரை தண்டவாளம் வந்ததற்கும், அதே இடத்திலிருந்து தீவுக்குச் சாலை புறப்பட்டதற்கும் நடுவே 102 ஆண்டுகள்.

இந்த ஏற்பாட்டைச் சாதனை என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. பாலம் வந்ததை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் விலையைக் கவனியுங்கள். கரைநிலத்தில் சாலையோ பாலமோ போட ஊர்க்குளத்தை விற்றுத் தா என்று அரசு கேட்பதில்லை, கருவூலத்திலிருந்து எடுக்கிறது. தீவுக்காரர்களின் பாலத்துக்கு மட்டும் அவர்கள் மீன் பிடித்த நீர்ப்பரப்பு விலையாகப் போனது. அந்த நிலத்தில் உயர்ந்த மாடிகள் நகரத்தாருக்கு.

பாலம் திறந்தும் குறை தீரவில்லை. வைப்பினிலிருந்து வரும் தனியார் பேருந்துகள் உயர்நீதிமன்றச் சந்திப்போடு நிறுத்தப்பட்டன. நெரிசலும் பர்மிட் விதிகளும் காரணமாகக் காட்டப்பட்டன. துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே இறங்கி, இன்னொரு பேருந்து பிடித்து, இன்னொரு டிக்கெட் எடுத்தார்கள். பாலம் திறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பிறகும், வைப்பினைச் சேர்ந்த நடிகை அன்னா பென் முதல்வருக்குத் திறந்த கடிதம் எழுதித்தான் இந்தக் குறையை மாநிலம் முழுவதும் பேச வைக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோமீட்டர் நீரைக் கடந்துவிட்ட பேருந்து, ஒரு சிக்னலைக் கடக்க இத்தனை காலம் பிடித்தது.

கன்டெய்னருக்கு அவசரம்

இதோடு ஒப்பிட வேண்டியது வல்லார்பாடம். அங்கே சர்வதேச கன்டெய்னர் முனையம் அமைப்பதென்று முடிவானதும் வேகம் வேறு விதமாக இருந்தது. இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடத்துக்கு ரயில் பாதை. அதில் காயலின் மீது 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம். 2010-இல் முடிந்த அது பல ஆண்டுகள் நாட்டின் மிக நீண்ட ரயில் பாலமாக இருந்தது. களமசேரியிலிருந்து 17 கிலோமீட்டர் கன்டெய்னர் சாலை. 2011 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மன்மோகன் சிங் முனையத்தைத் திறந்துவைத்தார்.

அந்த ரயில் பாதை சரக்குக்கு மட்டும். தீவுகளின் தலைக்கு மேல் ஓடும் ரயிலில் தீவுக்காரர் எவரும் ஏற முடியாது. அதற்காகவும் சாலைக்காகவும் 2008 பிப்ரவரி 6 அன்று கடமக்குடித் தீவுக்கூட்டத்தின் மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்தார்கள். இத்திட்டத்தால் ஏழு கிராமங்களில் இடம்பெயர்ந்தவை 316 குடும்பங்கள். எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு மார்ச்சில் மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கிய மனைகள் பல சதுப்பை நிரப்பியவை. கட்டிய வீடுகள் சில இறங்கி விரிசல் விட்டன. சாலையில் மூன்றே ஆண்டில் வண்டி ஓடத் தொடங்கியது. வீடோ ஆண்டுக்கணக்கில் முடியவில்லை. கேரளத்தில் நிலம் எடுப்பைப் பற்றி இன்று பேச்சு எழுந்தாலும் மூலம்பிள்ளியின் பெயர் முதலில் வருவது இதனால்தான்.

நீரே சாலையானபோது

கடைசி அத்தியாயத்தில் கொச்சி தன் பழைய வழிக்கே திரும்பியது. வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே இன்றும் பாலம் இல்லை. கப்பல் நுழையும் வாசல் அது. 2015 ஆகஸ்ட் 26 அன்று அங்கே பயணிகளோடு வந்த பழைய படகின் மீது ஒரு மீன்பிடிப் படகு மோதியதில் 11 பேர் இறந்தார்கள். 2018-இல் 'சேதுசாகர்' என்ற ரோ-ரோ கலங்கள் வந்தன. தட்டையான கலம், இரு முனையிலும் இறங்கும் பலகை. வண்டி ஒரு முனையில் ஏறி, திரும்பத் தேவையின்றி, மறுமுனையில் இறங்கிப் போகும். கடக்கச் சில நிமிடம்தான். அதையே தரைவழியாகப் போனால் நகரைச் சுற்றிக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர்.

2023 ஏப்ரலில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த நீர் மெட்ரோவின் முதல் தடமே உயர்நீதிமன்றம் – வைப்பின். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய, மின்கலத்தில் ஓடும் படகுகள். ஒன்றில் நூறு பேர். துறையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏறும் மேடை கரையில் பதித்தது அல்ல, மிதப்பது. ஓதம் ஏறினாலும் வடிந்தாலும் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் சக்கர நாற்காலி தடையின்றி உள்ளே போகிறது. கிழவிக்குக் கைகொடுத்துத் தூக்க ஆள் வேண்டாம். ஆடும் படகுக்கும் வழுக்கும் படிக்கும் நடுவே கால் தவறி விழுந்த தலைமுறைகள் கண்ட ஊரில் இது சிறிய காரியமல்ல. திட்டம் முழுமையானால் 78 படகுகள், 38 துறைகள், 10 தீவுகள், 76 கிலோமீட்டர் தடங்கள்.

ஆனால் இங்கும் வரிசை பழைய வரிசைதான். சுற்றுலாப் பயணிகள் திரளும் துறைகள் முன்னால். கடமக்குடி போன்ற உள்தீவுகள் பின்னால். கடமக்குடியின் பொக்காளி வயல்களை நேரில் பார்த்தவர்களுக்கு இதன் வலி புரியும். மழை வந்து காயலின் உப்பைக் கழுவிய பிறகு, சிறு மண்மேடுகளில் விதைத்து, முளைத்ததும் கலைத்துப் பரப்புவார்கள். ஆள் உயரத்துக்கு வளரும் அந்த நெல்லை இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். தாளை நீரிலேயே அழுகவிட, அதைத் தின்று அடுத்த பருவத்தில் இறால் வளரும். உப்போடு இத்தனை நுட்பமாக வாழத் தெரிந்த மக்களுக்கு, நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு சாலை நெடுங்காலம் கிடைக்கவில்லை. அங்கே மூலம்பிள்ளி – பிழல பாலம் 2020-இல்தான் திறந்தது. உயர்நீதிமன்றத்தின் மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் தாந்தோன்னித்துருத்து என்ற தீவு மாநகராட்சியின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே குடியிருக்கும் சில பத்துக் குடும்பங்களுக்கு ஒரு நடைபாலத்துக்கான கோரிக்கை பல பத்தாண்டுகளாக மனுவாகவே சுற்றிவந்தது.

கொச்சியின் இந்த அறுநூறு ஆண்டுக் கதையில் நான் காண்பது ஒன்றுதான். தூரம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. அறிவும் பணமும்கூட இருந்தன. கப்பலுக்கும் ரயிலுக்கும் கன்டெய்னருக்கும் தேவை என்றபோது காயல் வழிவிட்டது. மனிதர்களின் முறை வந்தபோது மட்டும் செலவு, விதி, சுற்றுச்சூழல் எல்லாம் நினைவுக்கு வந்தன. தீவுகளைக் கரையோடு சேர்க்கும் திட்டம் எந்த நகரில் வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண் மருத்துவமனை சேர எவ்வளவு நேரமாகும்? அந்த விடையைக் குறைக்காத பாலம் எத்தனை கிலோமீட்டர் நீண்டாலும் அது தீவுக்காரரின் பாலமல்ல.

அடுத்த பகுதியில் யாழ்ப்பாணம்: மண்டைதீவு முதல் நெடுந்தீவு வரை, தாம்போதிகளும் படகுத்துறைகளும்.

(தொடரும்)